மரக்கிண்ணங்களுக்கு நிறமேற்றல்: ‘ஸ்டெயின்’ என்பதற்கு ‘ஊறுநிறம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடைசல் பிடித்த மரக்கிண்ணங்களுக்கு நிறமேற்றும் முறைகளைத் தமிழில் எழுதுவதற்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், மரத்துக்குள் ஊறி நிறம் தரும் நீர்மமான ‘ஸ்டெயின்’ என்பதற்குக் ‘கறை’, ‘மரச்சாயம்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், அவற்றுக்கு மாற்றாக ‘ஊறுநிறம்’ என்ற சொல்லையும் இங்கே முன்வைக்கிறேன்.

‘கறை’ பழைய சொல் என்பதும், நஞ்சுண்ட சிவனைக் கறைமிடற்றன் என்று தேவாரம் போற்றும்போது அதில் இழிவு எதுவும் இல்லை என்பதும் உண்மைதான். ஆயினும் இன்று அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் எழுவது வேட்டியில் பட்ட வாழைக்கறையே தவிர, விரும்பி ஏற்றிய நிறம் அன்று. ஒரு கலைஞர் கவனத்துடன் நிறமேற்றிய கிண்ணத்தைக் ‘கறையிட்ட கிண்ணம்’ என்று விவரித்தால், அதில் ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்றுதான் வாசகர் கருதுவார்.

‘மரச்சாயம்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெசவுத் தொழிலில் சாயம் என்பது நீரிலோ வேறு நீர்மத்திலோ முழுவதும் கரைந்து, நூலிழைக்குள் புகுந்து பிடிக்கும் பொருள். மரத்திலும் அவ்வாறே செயல்படும் பொருள்கள் உண்டு. அனிலின் சாயத்தூளை நீரிலோ ஆல்கஹாலிலோ கரைத்துக் கிண்ணத்தின் மேல் தடவினால், அது மரநாருக்குள் இறங்கிவிடும். மேற்பரப்பில் திரையாகப் படியாததால், மரத்தின் ரேகை மறையாமல் கண்ணாடி வழியே பார்ப்பதுபோலத் தெளிவாகத் தெரியும். நிறமியின் இயல்பு வேறு. காவி போன்ற நிறமிகள் கரைவதில்லை. நுண்துகள்களாக நீர்மத்தில் மிதந்து, மரத்தின் துளைகளிலும் உப்புத்தாள் விட்ட கீறல்களிலும் போய்த் தங்குகின்றன. கடைகளில் ‘உட் ஸ்டெயின்’ என்ற பெயரில் விற்கும் டப்பாக்களில் சிலவற்றில் சாயம் மட்டும் இருக்கும், சிலவற்றில் நிறமி மட்டும் இருக்கும், பலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே இவை அனைத்தையும் சாயம் என்று அழைத்தால், சாயத்துக்கும் நிறமிக்கும் தமிழில் ஏற்கெனவே தெளிவாக இருக்கும் வேறுபாட்டை நாமே அழித்துவிடுவோம்.

இவை அனைத்துக்கும் பொதுவானது செய்முறையே. நீர்மத்தைத் தடவி, ஊறவிட்டு, மிகுந்ததைத் துணியால் துடைத்தெடுக்கிறோம்; நிறம் மரத்துக்குள் நிற்க, ரேகை வெளியே தெரிகிறது. மேலே படலமாக நிற்கும் பெயின்ட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்த ஊறல்தான். அதனால்தான் ‘ஊறுநிறம்’ என்கிறேன். ‘ஊறு’ என்பதற்குத் தீங்கு என்றும் பொருள் உண்டே என்று சிலர் கேட்கலாம். ஊறுகாய் என்ற சொல்லில் அந்தப் பொருள் யாருக்கும் தோன்றுவதில்லை. அதே வினைத்தொகை அமைப்பில் வரும் இச்சொல்லிலும் குழப்பம் நேராது.

அரக்கை இந்தச் சொல்லுக்குள் அடக்கக் கூடாது. அம்பாசமுத்திரத்தின் சொப்புச் சாமான்களிலும், கர்நாடகத்தின் சென்னப்பட்டணம், ஆந்திரத்தின் ஏடிகொப்பாக்கா ஆகிய ஊர்களின் பொம்மைகளிலும், சுழன்றுகொண்டிருக்கும் மரத்தின் மேல் நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தின் மேல் படர்கிறது. பிறகு தாழை மடல் போன்ற ஓலையால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். இங்கே நிறம் ஊறுவதில்லை, மேலே உறையாக அமைகிறது. சென்னப்பட்டணத்தில் பயன்படும் வெட்பாலை மரம் வெளிர்நிறமும் நெருக்கமான நாரும் கொண்டது என்பதால் அந்த உறை வழவழப்பாக அமைகிறது. ‘அரக்கேற்றல்’ என்ற தெளிவான சொல் இருக்கும்போது அதற்குப் புதிய சொல் தேவையில்லை. ஊறுநிறம், அரக்கேற்றல், பெயின்ட் பூசுதல் ஆகிய அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘நிறமேற்றல்’ என்பதைக் கொள்ளலாம்.

அடுத்து, ‘எபனைசிங்’ என்பதற்கு வந்துள்ள ‘கருங்காலியாக்கம்’. இதை நான் வலுவாக மறுக்கிறேன். கருங்காலி மணி மாலைகள் பெரும் விலைக்கு விற்கும் இக்காலத்தில், வேறொரு மரத்தைக் கறுப்பாக்கும் முறைக்குக் கருங்காலியின் பெயரைச் சூட்டுவது வாங்குபவரை ஏமாற்றத் துணைபோவதாகும். மேலும் இந்த முறையில் நடப்பது ஒரு வேதிவினை. இரும்புக் கம்பித் துகளை வினிகரில் சில நாள் ஊறவைத்தால் இரும்பு அசிட்டேட் கரைசல் கிடைக்கிறது. ஓக் போன்ற துவர்ப்பு மிகுந்த மரத்தில் அதைத் தடவியதும், மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து, தடவிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடுகிறது. டானின் குறைந்த மரமாக இருந்தால், முதலில் கடுந்தேநீரைத் தடவி உலரவிட்டு அதன்மேல் இரும்புக் கரைசலைத் தடவுவார்கள். இது நமக்குப் புதிதான வேதியியல் அன்று: கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசலால் அதில் கோடு வரையும்போது கிடைக்கும் கறுப்பும் இதே வினையால் பிறப்பதுதான்.

இதற்குத் ‘துவர்க்கறுப்பு’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் பழந்தமிழில் துவர் என்பது சிவப்பையும் குறிக்கும். துவராடை என்றால் காவியாடை. ஒரே சொல்லில் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து வைப்பது வேண்டாத சிக்கல். ‘இரும்புக்கறுப்பு’ என்றால் காரணமும் விளைவும் ஒருசேர விளங்கும்.

இன்னொரு முறைக்கும் பெயர் வேண்டும். கிண்ணங்களில் நிறச் சோதனை செய்வோர் மிகவும் விரும்பும் முறை அது. நெளிரேகை கொண்ட மேப்பிள் மரத்தில் நார் அலை அலையாக ஓடுவதால், கிண்ணத்தின் பரப்பில் சில இடங்களில் நாரின் பக்கவாட்டும் சில இடங்களில் நாரின் வெட்டுமுனையும் வெளிப்படுகின்றன. வெட்டுமுனை சாயத்தை ஆழமாகக் குடிக்கும். ஆகவே முதலில் கறுப்பு அல்லது அடர்நீலச் சாயத்தைத் தடவி, உலர்ந்த பின் 240, 320 எண் உப்புத்தாள்களால் தேய்த்தால், மற்ற இடங்களில் சாயம் போய், நெளிகளில் மட்டும் வரிவரியாக நிற்கும். அதன்மேல் மஞ்சளோ சிவப்போ ஏற்றினால் ரேகை ஆழம் பெற்று, கிண்ணத்தைத் திருப்பும்போது அசைவதுபோலத் தோன்றும். இந்தத் தேய்ப்புக்கு முன்வைக்கப்பட்ட ‘பின்தேய்ப்பு’, ‘சேண்டிங் பேக்’ என்ற ஆங்கிலத் தொடரின் நிழலாக இருக்கிறது. அதைக் கேட்பவருக்கு எதற்குப் பின் என்பது விளங்காது. இரண்டு சாயங்களுக்கு இடையில் நிகழ்வதால் ‘இடைத்தேய்ப்பு’ எனலாம்.

கிண்ணத்துக்கு ‘மரவை’ என்ற சொல்லை மீட்கலாம் என்ற யோசனை எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. செட்டிநாட்டில் பழைய மரக்கலங்களுக்கு அச்சொல் வழங்குகிறது. எனினும் பட்டியலில் ‘மரக்கிண்ணம்’ முதலிலும் ‘மரவை’ இணைச்சொல்லாகவும் இருந்தால் போதும்.

கடைசியாக, வெயில் பட்டும் நிறம் மங்காத தன்மை. ‘ஒளி நிலைப்புத் திறன்’ என்ற பரிந்துரையில் பிழை இல்லை. ஆனால் ஜவுளிக்கடையில் புடவை வாங்கும் எவரும் ‘சாயம் கெட்டியா?’ என்றுதான் கேட்கிறார். அந்தக் கெட்டியை நாம் ஏன் விட வேண்டும்? ‘ஒளிக்கெட்டி’ என்று வைத்துக்கொண்டால், “அனிலின் சாயங்கள் பலவும் ஒளிக்கெட்டி குறைந்தவை, காவி போன்ற இரும்பு நிறமிகள் ஒளிக்கெட்டி மிகுந்தவை, ஆகவே சாயமேற்றிய கிண்ணத்தைச் சன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம்” என்று எளிதாக எழுதிவிடலாம். ஊறுநிறம், இரும்புக்கறுப்பு, இடைத்தேய்ப்பு, ஒளிக்கெட்டி ஆகிய நான்கையும் பட்டியலில் சேர்ப்பது பற்றி, குறிப்பாகக் கடைசல் பட்டறையில் பழகியவர்கள், தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.