ஈஎல்சிபி விழுந்துகொண்டே இருந்தது, கிச்சன் பிளக்கில் கரண்ட் இல்லை: எங்கள் வீட்டுக் கதை, உங்களுடையதையும் எழுதுங்கள்

வில்லாபுரத்தில் நாங்கள் வீடு கட்டி 16 வருஷம் ஆகிறது. ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்த பிறகு, காலையில் சட்னிக்கு மிக்ஸியைப் போட்ட நேரத்தில் வீடு முழுக்க கரண்ட் போனது. தெருவில் இருந்தது, எங்களுக்கு மட்டும் இல்லை. பிரேக்கர்கள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்தால், கரண்ட் லீக் ஆனால் வீட்டு லைனையே வெட்டும் ஈஎல்சிபி (இப்போது கடையில் கொடுப்பது ஆர்சிசிபி, ஆனால் எல்லார் வாயிலும் பழைய பெயர்தான்) விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டால் நிற்கவில்லை.

வந்த வயர்மேன் ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "மழைக்கு இது இப்படித்தான் சார் விழும், டைரக்ட் பண்ணி விட்டுர்றேன், தொந்தரவே இருக்காது" என்றார். அதாவது ஈஎல்சிபியைத் தாண்டி நேராக லைன் கொடுப்பது. அம்மாவும் சரி என்றுவிட்டார். நான் விடவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் இருந்த வாடகை வீட்டில் இந்தப் பெட்டியே கிடையாது, பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், ஹீட்டர் காயில் லீக் ஆகிறது என்று மாதக்கணக்கில் எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் என் தங்கச்சி ஈரக் கையோடு குழாயைப் பிடித்துவிட்டுக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு எம்சிபி (ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சின்ன பிரேக்கர்) விழவே இல்லை. ஓவர்லோடும் ஷார்ட்டும்தான் அதற்குத் தெரியும். ஈஎல்சிபி, ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது, வீட்டுக்கு வைப்பதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே சுவர் வழியாகவோ ஆள் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று கட் பண்ணிவிடும். டைரக்ட் கொடுத்தால் லீக் அப்படியேதான் இருக்கும், கட் பண்ணத்தான் எதுவும் இருக்காது.

தேடியது எப்படி என்று சொல்கிறேன். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஈஎல்சிபியைத் தூக்கினேன், நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஹால், ரூம், மோட்டார் எல்லாம் ஏறின, கிச்சனைத் தூக்கியதும் பட்டென்று விழுந்தது. பிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன் (சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கத்தான் வேண்டும்). அப்போதும் விழுந்தது. ஆக குற்றம் பொருளில் இல்லை, வயரில். மறுநாள் தெரிந்த இன்னொரு வயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை இறக்கிவிட்டு சிங்க் பக்கத்துப் போர்டைக் கழற்றினால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது! மொட்டை மாடியில் டிவி கேபிளுக்கு விட்ட பைப்பின் வாய் இத்தனை வருஷமும் திறந்தே இருந்திருக்கிறது, அதே பைப் சுவருக்குள் கிச்சன் பக்கம் வருகிறது.

பைப் வாயை அடைத்து, இரண்டு நாள் காயவிட்டதும் ஈஎல்சிபி நின்றது. ஆனால் சிங்க் பக்கத்துப் பிளக் பாயிண்ட் செத்தே கிடந்தது. பக்கத்துப் பாயிண்டில் மிக்ஸி சொருகி சுவிட்ச் போட்டபடி இருந்தது, அதுவும் ஓடவில்லை, ஆனால் டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. எனக்குக் குழப்பம். வயர்மேன் சொன்னார், நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது, ஃபேஸ் மிக்ஸி வழியாகச் சுற்றி நியூட்ரல் ஓட்டைக்கு வந்து நிற்கிறது, "கரண்ட் வரல, நியூட்ரல்தானேன்னு இதைத் தொட்டுராதீங்க" என்றார். மறுபடியும் மெயினை இறக்கிவிட்டுக் கழற்றினோம். நியூட்ரல் ஸ்க்ரூ பச்சை பிடித்து, வயர் நுனி பொடியாக உதிர்ந்தது. நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, பாயிண்டையும் மாற்றினார். இதுவரை விழவில்லை.

* * *

அண்ணே, திருமங்கலத்தில் எங்கள் அம்மா வீட்டில் நடந்தது வேறு மாதிரி. இன்வெர்ட்டர் வைத்த அன்றையிலிருந்து ஹால் ஃபேனைப் போட்டால் ஈஎல்சிபி விழும். ஃபேனை மாற்றினோம், அப்புறம் ஈஎல்சிபியையே மாற்றினோம், இரண்டும் தண்டச் செலவு. கடைசியில் பார்த்தால் எங்கேயும் லீக்கே இல்லை. இன்வெர்ட்டர் லைனுக்குப் போன ஃபேஸ் ஈஎல்சிபி வழியாகப் போகிறது, அந்த ஃபேன்களின் நியூட்ரலை மட்டும் ஈஎல்சிபிக்கு முன்னால் இருக்கும் நியூட்ரல் கட்டையில் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் இடம்) முறுக்கி விட்டிருக்கிறார்கள். 75 வாட் ஃபேன் 230 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அவ்வளவும் திரும்பி வராத கணக்கில் சேர்ந்துவிடுகிறது, 30க்கே விழுகிற பெட்டி எப்படி நிற்கும்? நியூட்ரலைச் சரியான கட்டைக்கு மாற்றினதும் தீர்ந்தது. இன்வெர்ட்டர் வைத்த பிறகுதான் விழ ஆரம்பித்தது என்றால் முதலில் நியூட்ரலைப் பாருங்கள். இன்னொன்று, சாதாரண ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எர்த்தில் எங்கேயாவது உரசினால் அந்த எம்சிபியை இறக்கி வைத்தும் ஈஎல்சிபி விழும். நாங்கள் அதிலும் ஒரு வாரம் சுற்றினோம்.

* * *

நான் ஆனையூர். ரிட்டயர் ஆகும்வரை வயரிங் வேலைதான். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஒருநாள் ராத்திரி வீடியோ காலில், "அப்பா, பாத்ரூம் பிளக் வேலை செய்யல, பிரேக்கர் எல்லாம் சரியா இருக்கு" என்றாள். அங்கே நம்மைப் போல மொத்த வீட்டுக்கும் ஒரு பெட்டி கிடையாது, தண்ணீர் புழங்கும் இடத்துப் பிளக் பாயிண்டுக்குள்ளேயே அது இருக்கும், ஜிஎஃப்சிஐ என்பார்கள், முகத்தில் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பட்டன். நம்முடையது 30 என்றால் அது 5 மில்லி ஆம்பியருக்கே விழும். இவள் பாத்ரூம் பாயிண்டில் பட்டனே இல்லை. ஒரு ஜிஎஃப்சிஐக்குப் பின்னால் சாதாரண பாயிண்டுகளைத் தொடராகக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் வீடு முழுக்க பட்டன் வைத்த பாயிண்டைத் தேடச் சொன்னேன். கார் ஷெட்டில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒன்று விழுந்து கிடந்தது. ரீசெட்டை அமுக்கியதும் பாத்ரூமில் கரண்ட் வந்துவிட்டது. ரீசெட் நிற்கவில்லை என்றால் அதற்கு வரும் லைனில் கரண்ட் இல்லை, அல்லது பின்னால் லீக் இருக்கிறது, அல்லது அதன் ஆயுள் முடிந்தது.

அந்தப் பட்டன்களை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். நம் ஈஎல்சிபியிலும் டி என்று போட்ட பட்டன் அதற்குத்தான், கரண்ட் இருக்கும்போது அமுக்கினால் உடனே விழ வேண்டும். நான் வயரிங் செய்த வீடுகளிலேயே வருஷக்கணக்கில் யாரும் தொட்டது கிடையாது. இதைப் படிக்கிறவர்கள் எழுந்துபோய் ஒருமுறை அமுக்குங்கள் தம்பி.

* * *

வில்லாபுரத்திலிருந்து மறுபடியும் நான். இப்போதுதான் போய் அமுக்கினேன், விழுந்தது.

* * *

திருமங்கலத்தில் இருக்கும் எங்கள் அம்மாவுக்குப் போன் பண்ணி அமுக்கச் சொன்னேன். மூன்று தடவை அமுக்கியும் ஈஎல்சிபி விழவே இல்லையாம். மாற்றி இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனையூர் ஐயா, பட்டன் மட்டும் போயிருக்குமா, பெட்டியே போயிருக்குமா? எப்படி இருந்தாலும் நாளைக் காலையில் புதுசு வாங்கிக்கொண்டு போகிறேன், அதுவரை ஹீட்டர் போடாதே என்று சொல்லிவிட்டேன்.