வடமேற்குக் காற்றுக்குப் பரண் எங்கே கட்டுவது? (விஸ்கான்சின், 40 ஏக்கர், கிராஸ்போ என்ற விசைவில்)

ஓடைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மேடிசனில் இருக்கிறேன், மான் வேட்டைக்குப் போவது இது இரண்டாவது வருடம். போன வருடம் வெறுங்கை. இந்த வருடமும் அதே கதையாகிவிடும் போலிருக்கிறது, அதற்குள் கேட்டுவிடுகிறேன்.

டிரிஃப்ட்லெஸ் என்ற மேடுபள்ளமான மலைப் பகுதியில், தெரிந்த விவசாயி ஒருவர் தன் 40 ஏக்கரில் வேட்டையாட அனுமதி தந்திருக்கிறார். நிலத்தின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு முகடு ஓடுகிறது. அதற்கு வடக்கே சமதளம், மக்காச்சோளம், இன்னும் அறுக்கவில்லை. தெற்கே ஓக் மரங்கள் நிறைந்த சரிவு, சரிவின் அடியில் ஓடை. முகட்டின் கிழக்குக் கோடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாழ்வு இருக்கிறது, அங்கிருந்து ஒரு சிறு பள்ளம் ஓடைக்கு இறங்குகிறது. கிழக்கு வேலிக்கு அப்பால் பக்கத்துக்காரரின் திறந்த மேய்ச்சல் நிலம். வீடும் வண்டி நிறுத்தும் இடமும் வடகிழக்கு மூலையில்.

என் ஏணிப் பரணை முகட்டின் நடுவில், சோளம் முடிந்து ஓக் மரம் தொடங்கும் ஓரத்தில் வைத்திருக்கிறேன். மாலையில் மான்கள் சரிவிலிருந்து ஏறிச் சோளத்துக்கு வருகின்றன, தடம் தெளிவாக இருக்கிறது. ஆனால் நான் உட்கார்ந்த ஐந்து மாலைகளில் நான்கு நாள் ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை, கீழே மரங்களுக்குள்ளிருந்து 'புஸ்ஸ்' என்று மூக்கால் ஊதும் சத்தம் மட்டும்தான். ஒரே ஒரு நாள் ஒரு பெண் மான் வந்து, காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிப்போனது.

மோப்பம் பிடித்துவிடுகின்றன என்று புரிகிறது. போனில் பார்த்தால் அநேகமாக எல்லா நாளும் வடமேற்கு, 7 அல்லது 8 மைல் வேகம். ஆனால் அம்புக்குறி தென்கிழக்கைக் காட்டுகிறது, அதுவே குழப்பம். பரணில் உட்கார்ந்தால் காற்று வேறு மாதிரி அடிப்பதுபோலவும் இருக்கிறது. துணியில் வாசனை போக்கும் ஸ்பிரே அடித்துக்கொண்டுதான் போகிறேன். ஒருவேளை எங்கள் வீட்டுப் பெருங்காயமும் தாளிப்பும்தான் காட்டிக்கொடுக்கிறதோ என்று மனைவி சிரிக்கிறாள்.

பரணை எங்கே மாற்றலாம்?

முகட்டுவாசி:
தம்பி, முதலில் பெருங்காயத்தை விட்டுவிடுங்கள், அது பாவம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிக்கல்.

அம்புக்குறியிலிருந்து வருவோம். காற்றுக்கு அது எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பெயர். நம் ஊரில் வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, தென்றல் என்றால் தெற்கிலிருந்து, அதே கணக்குதான். அம்பு காட்டுவது அது போகும் பக்கம். அப்படியானால் வடமேற்குக் காற்றில் உங்கள் வாசனை போகும் இடம் தென்கிழக்கு, அதாவது நேரே அந்த ஓக் சரிவுக்குள். மான்கள் பகலெல்லாம் படுத்திருப்பது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அங்கேதான்.

நான் லா கிராஸ் பக்கம் இதே மாதிரி முகட்டில் பதினோரு வருடமாக உட்கார்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இந்த மலைகளில் வெள்ளைவால் மான், முக்கியமாக வயதான கொம்பு மான், காற்று மறைவான பக்கத்துச் சரிவில்தான் படுக்கும், அதுவும் உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய உயரத்தில். முதுகுப் பக்கமிருந்து, முகட்டைத் தாண்டி வரும் காற்று பின்னால் இருப்பதைச் சொல்லிவிடும். முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். வெயில் ஏறிய பிறகு சரிவு சூடாகி, கீழிருந்து காற்று மேலே ஏறும், ஓடையோரம் யார் நடந்தாலும் அது கொண்டுவந்து கொடுத்துவிடும். மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் சந்திக்கும் அந்த வரியிலேயே படுத்துக்கொண்டு மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் போதும் அதற்கு. உங்கள் சரிவு தெற்குப் பார்த்தது, வெயில் நன்றாக விழும், வடமேற்குக் காற்றுக்கு மறைவும்கூட. நான் மானாக இருந்தால் நானும் அங்கேதான் படுப்பேன்.

நீங்களோ அவற்றின் தலைக்கு மேலே, காற்று வரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான்கு மாலையும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். போதாததற்கு வீட்டிலிருந்து சோளத்துக்குள் நடந்து வந்திருப்பீர்கள். சரிதானே?

இப்போது அந்தத் தாழ்வு. நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் உங்கள் நிலத்தில் உருப்படியான இடம் அதுதான். முகட்டைத் தாண்ட நினைக்கும் மான் உச்சியில் வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரிய விரும்பாது, தாழ்வான இடம் பார்த்துத்தான் தாண்டும். படுக்கையிலிருந்து எழுந்து, சரிவின் மேல்பகுதியிலேயே கிழக்கே நடந்து, தாழ்வில் ஏறி, சோளத்துக்குப் போகும் மான்கள் கண்டிப்பாக இருக்கும், போய்த் தடம் பாருங்கள். பரணை அந்தத் தடத்துக்குக் கிழக்கே 25 கஜத்தில், பள்ளத்துக்குள் இல்லாமல் அதன் தோளில் கட்டுங்கள். வடமேற்குக் காற்றில் உங்கள் வாசனை தென்கிழக்கே, வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விடும், அந்தி இறங்கும் வரை வெட்டவெளியில் மான் நிற்காது. தாழ்வில் ஏறும் மானுக்குக் காற்று ஏறக்குறைய முகத்தில் அடிக்கும், அதனால் தைரியமாக வரும். இதுதான் விஷயம். காற்று முழுக்க நமக்குச் சாதகமாக இருக்கும் இடத்தில் பெரிய கொம்பு மான் நடக்கவே நடக்காது. அதுக்குச் சாதகம் என்று அது நம்ப வேண்டும், ஆனால் நூலளவில் நாம் தப்பித்திருக்க வேண்டும்.

போகும் வழியும் மாற வேண்டும். கிழக்கு வேலியை ஒட்டியே நடந்து போங்கள், சோளத்தில் கால் வைக்காதீர்கள்.

பழைய பரணைக் கழற்ற வேண்டாம். தெற்கு, தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளில், அதாவது குளிர் வருவதற்கு முந்தைய இளஞ்சூட்டு நாட்களில், அது நல்ல இடம். வாசனை வடக்கே சோளத்துக்குப் போகும், மான் தெற்கிலிருந்து வரும். ஆனால் சோளத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே எய்துவிட வேண்டும்.

சான் அன்டோனியோக்காரன்:
டெக்சஸில் எங்களுக்கு மலையும் இல்லை, இவ்வளவு தலைவலியும் இல்லை. சமதரை, பெட்டிப் பரண், முன்னால் தீவனம் கொட்டும் இயந்திரம் (இங்கே அது சட்டப்படி சரி, உங்கள் ஊரில் நிறைய மாவட்டங்களில் கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள்). பாதி நாள் வளைகுடாப் பக்கமிருந்து தென்கிழக்குக் காற்று, குளிர் இறங்கும் அன்று சட்டென்று வடக்குக்குத் திரும்பிவிடும். அதனால் ஒரே பாதைக்கு இரண்டு கோடியிலும் இரண்டு பரண் வைத்திருக்கிறோம். காலையில் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் எதில் ஏறுவது என்று முடிவு. ரெண்டுக்கும் ஒத்துவராத காற்று என்றால் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். பொருந்தாத காற்றில் ஒரு நாள் போய் உட்கார்ந்தால் அந்த இடமே ஒரு வாரத்துக்குக் கெட்டுவிடும்.

நெல்லிக்காய்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஆனால் மானைக் கொல்வதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நம் ஊரில் புள்ளிமானைத் தொட்டாலே ஜெயில்.

முகட்டுவாசி:
உண்மைதான், இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அப்படித்தான், அது அந்த ஊருக்குச் சரி. இங்கே ஓநாய் இல்லாத பக்கங்களில் மான் பெருகி, சோளத்தைத் தின்று, நெடுஞ்சாலையில் கார்களில் விழுகிறது. லைசென்ஸ், சீசன், எத்தனை மான் என்ற கணக்கு எல்லாம் உண்டு. 2002இலிருந்து இந்த மாநிலத்தில் மான்களுக்கு மூளையை அரிக்கும் சிடபிள்யூடி என்ற நோய் வேறு இருக்கிறது, அதனால் அடித்த மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கறி அடுப்பேறும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதில் தப்பில்லை. இந்த இழையில் பேச்சு காற்றைப் பற்றி.

பஞ்சுமிட்டாய்:
அண்ணன் சொன்ன இடம் சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் மூன்று சீசனைத் தொலைத்தேன். போனில் காட்டும் காற்றை நம்பி மரம் ஏறாதீர்கள். அது விமான நிலையம் மாதிரித் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளந்ததையும் கணினிக் கணிப்பையும் வைத்துச் சொல்வது. உங்கள் முகட்டுக்குப் பின்னால் காற்று உருண்டு, சுழன்று, சில சமயம் வந்த வழியே திரும்பும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. நீங்கள் 'வேறு மாதிரி அடிக்கிறது' என்றது இதுவாகத்தான் இருக்கும்.

காற்றுப் பார்க்க விற்கும் பவுடர் புட்டியை வாங்காதீர்கள், நாலடி போனதும் கண்ணுக்கு மறைந்துவிடும். சாலையோரம் மில்க்வீட் செடி இருக்கும், மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னுமே, அது. நம் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி, காய் வெடித்தால் எருக்கம்பஞ்சு மாதிரியே பறக்கும். நாலு காய் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் சீசன் முழுக்க வரும். பரணிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பஞ்சை விட்டு, கண்ணுக்கு எட்டிய மட்டும் அது போகும் வழியைப் பாருங்கள். அறுபது எழுபது கஜம் வரை தெரியும். எங்கே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே பொத்தென்று இறங்குகிறது எல்லாம் கண்ணெதிரே.

முக்கியமாகச் சூரியன் சாயும் நேரத்தில் பாருங்கள். சரிவு குளிர்ந்ததும் காற்று தண்ணீர் மாதிரி கீழே வழியும், பள்ளம் இருந்தால் பள்ளத்துக்குள். வீசும் காற்று 4, 5 மைலுக்குக் கீழே வந்துவிட்டால் அப்புறம் வடமேற்கு தென்கிழக்கு எல்லாம் பேச்சுக்குத்தான், வழியும் காற்றுதான் ராஜா. மான் வரும் நேரமும் அதேதான் என்பதுதான் கொடுமை.

ஸ்பிரே பற்றி: கெடுதல் இல்லை, ஆனால் மனிதன் மனிதனாகத்தான் மணப்பான். மூச்சு விடுகிறோமே. துணியைச் சமையலறைப் பக்கம் வைக்காமல் மூடி போட்ட பெட்டியில் வையுங்கள், போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல சேஃப்டி ஹார்னெஸ், அதாவது உடம்பு முழுக்க மாட்டும் பட்டை, வாங்குங்கள். தரையிலிருந்து கால் எடுக்கும்போதே கயிற்றோடு மாட்டிக்கொள்ள வேண்டும், உச்சிக்குப் போன பிறகு இல்லை. கிராஸ்போவை நாண் ஏற்றாமல், கயிறு கட்டி அப்புறம் மேலே இழுங்கள். போன வருடப் பரண் என்றால் மரத்தைச் சுற்றிய பட்டைகளையும் பாருங்கள், வெயிலில் இற்றுப்போயிருக்கும். என் நண்பன் ஒருவன் பதினைந்து அடியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் படுத்திருந்தான்.

ஓடைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. முகட்டுவாசி அண்ணா, சோளத்துக்குள்தான் நடந்து போனேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் போய்த் தாழ்வைப் பார்த்தேன். தடம் இருக்கிறது, மரத்தில் கொம்பு உரசிய அடையாளமும் இரண்டு. விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, கிழக்குத் தோளில் ஒரு ஓக்கில் புதுப் பரண் போட்டாயிற்று, புதுப் பட்டைகளோடு. ஒரு சந்தேகம்: மாலையில் காற்று வழிந்தால் என் வாசனை பள்ளத்துக்குள் போகுமே, அப்போது என்ன செய்வது?

முகட்டுவாசி:
பள்ளம் வழியாக ஓடைக்குப் போகும். மான்கள் மேல்பக்கமாக வந்தால் பிரச்சினை இல்லை, ஓடையிலிருந்து ஏறி வருபவை கண்டுபிடித்துவிடும். எல்லாவற்றையும் ஏமாற்ற முடியாது. காற்று 8 முதல் 15 மைல் வரை விடாமல் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், குளிர் இறங்கிய மறுநாள் நல்லது. அசைவே இல்லாத மாலையில் அங்கே போகாதீர்கள். காலையிலும் வேண்டாம், நீங்கள் இருட்டில் வண்டியை நிறுத்தும்போது அவை சோளத்தில்தான் நிற்கும்.

இன்னொன்று, சோளத்தை அறுத்துவிட்டால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் நவம்பர் முதல் இரண்டு வாரம் இணை சேரும் காலம், கொம்பு மான்கள் தீனிக்காக நடப்பதில்லை, பெண் மான்கள் படுத்திருக்கும் இடத்துக்குக் காற்று போகும் பக்கமாக நடந்து மூக்காலேயே தேடும். அப்போதும் அந்தத் தாழ்வு வேலை செய்யும்.

ஓடைக்கரை:
நேற்று போனேன், வடமேற்கு 11 மைல். வேலியோரமாகவே நடந்தேன். பஞ்சு விட்டேன், அச்சுப் பிசகாமல் மேய்ச்சல் நிலத்துக்கு மேலே போனது. 4.20 வரை அப்படித்தான், அப்புறம் ஒரு பஞ்சு பாதி வழியில் தயங்கி, திரும்பி, பள்ளத்துக்குள் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தாழ்வில் ஒரு பெண் மானும் இரண்டு குட்டிகளும். 22 கஜம். மூக்கைத் தூக்கி வடமேற்கே பார்த்தது, என் பக்கம் திரும்பவே இல்லை, நிதானமாகச் சோளத்துக்குள் போய்விட்டது.

எய்யவில்லை. கை நடுங்கியது என்பதும் ஒரு காரணம். வியாழக்கிழமை மறுபடி வடமேற்கு என்கிறார்கள், அலுவலகத்தில் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன்.