ஜாவா 8-இலிருந்து 17-க்கு மாறியதும் பில்லைச் சேமிக்க முடியவில்லை

கேள்வி (குலசேகரம்):
ரப்பர் பால் எடுக்கும் கடை ஒன்றுக்கு நான் எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருளை ஜாவா 17-க்கு மாற்றினேன். கம்பைல் பிழையின்றி முடிந்தது. ஆனால் முதல் பில்லைச் சேமித்தவுடன், ஜாவாவில் தேதியை வைத்திருக்கும் லோக்கல்டேட் கிளாஸின் ‘இயர்’ என்ற பிரைவேட் ஃபீல்டை (வெளியிலிருந்து தொடக் கூடாத உள் மதிப்பை) அணுக இயலாது என்றும், ஜாவா.பேஸ் மாட்யூல் ஜாவா.டைம் பேக்கேஜைத் திறந்துவிடவில்லை என்றும் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பில்களை ஜேசான் என்ற உரை வடிவில் சேமிக்க, ஜிசான் என்ற நூலகத்தின் பழைய பதிப்பைப் பயன்படுத்துகிறேன். இத்தகைய அணுகலை அனுமதிக்கும் ‘இல்லீகல்-ஆக்சஸ்=பெர்மிட்’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தும் பயனில்லை. கோடின் சார்புகளை ஆராயும் ஜேடெப்ஸ் கருவியோ குறை எதையும் சொல்லவில்லை.

பதில் 1 (தக்கலை):
அந்த ஆப்ஷன் 17-இல் நீக்கப்பட்டுவிட்டது. கொடுத்தால் எச்சரித்துவிட்டுப் புறக்கணிக்கும். 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பு முதல் 15 வரை இத்தகைய அத்துமீறலுக்கு எச்சரிக்கை மட்டுமே வந்தது, 2021 மார்ச்சில் வந்த 16-இல்தான் கதவு இயல்பாகவே மூடப்பட்டது. நீங்கள் இடையில் 11-இல் ஓட்டிப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஜேடெப்ஸ் கோடில் நேரடியாக உள்ள சார்புகளையே பார்க்கும், ரிஃப்ளெக்‌ஷன் வழியாக, அதாவது ஜிசான் செய்வதுபோல் நிரல் ஓடும்போதே கிளாஸின் உள்ளே புகுந்து பார்ப்பதால், நடப்பது அதன் கண்ணில் படாது. கடை நாளையே ஓட வேண்டுமென்றால், மெயின் ஜாரின் (நிரலின் தொகுப்புக் கோப்பின்) உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில், அந்தப் பேக்கேஜைத் திறந்துவிடும் ‘ஆட்-ஓபன்ஸ்: ஜாவா.பேஸ்/ஜாவா.டைம்’ என்ற வரியைச் சேருங்கள். கடைக் கணினியின் ஷார்ட்கட்டைத் தொட வேண்டியதில்லை.

பதில் 2 (நாகர்கோவில்):
தக்கலை நண்பர் சொன்னது ஒரு வாரத்துக்குப் போதும், அதற்குமேல் வைத்திருக்காதீர்கள். லோக்கல்டேட்டின் உள்ளமைப்பை உங்கள் கோப்பின் வடிவமாக்கியதுதான் மூலத் தவறு. தேதிக்கென ஒரு டைப்அடாப்டர் (எப்படி எழுத, படிக்க வேண்டும் என்று ஜிசானுக்குச் சொல்லும் கிளாஸ்) எழுதி, ‘2024-06-03’ என்ற சரமாக (எழுத்துத் தொடராக) சேமியுங்கள். ஆனால் பழைய பில்களில் தேதி இயர், மந்த், டே என்று மூன்று எண்கள் கொண்ட ஆப்ஜெக்டாகக் கிடக்கும். எனவே படிக்கும்போது ‘பீக்’ செய்து (அடுத்து வருவதை எட்டிப் பார்த்து), சரமா ஆப்ஜெக்டா என்று பார்த்து, இரண்டையும் ஏற்குமாறு எழுத வேண்டும். இதை மறந்தால் புதிய பில் சேமிக்கும், பழைய பாக்கி எதுவும் திறக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. 2019 ஜூன் கோப்பில் சோதித்தேன். மழையில் பால்வெட்டு குறைந்த மாதமாகையால் பில்கள் கொஞ்சமே இருந்தன, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடிந்தது. பணம் கொடுக்காத பில்களில் மட்டும் கொடுத்த தேதி ‘நல்’ (மதிப்பே இல்லாத வெற்றிடம்) என இருந்ததால் அடாப்டர் பிழை காட்டி நின்றது. அந்த வெற்றிடத்தைத் தனியே கையாளும் ‘நல்சேஃப்’ சேர்த்தபின் அவையும் திறந்தன. மேனிஃபெஸ்ட் வரியை நீக்கிவிட்டேன்.