ஸ்டென்சில் வைத்து மை தேய்த்தால் திட்டுத் திட்டாக வருகிறது

காகிதப்பூ:
பொங்கல் வாழ்த்து அட்டைகளை இந்த முறை கையால் செய்கிறேன். கோல ஸ்டென்சில் வைத்து, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மெல்ல மாறுகிற மாதிரி மை தேய்க்க ஆசை. ஆனால் பிரஷ் முதலில் பட்ட இடம் கருத்துப்போகிறது, ஸ்டென்சிலுக்கு அடியிலும் மை கசிகிறது. சாதாரண ஏ4 பிரிண்டர் தாள்தான்.

மைக்கூடு:
முதலில் தாளை மாற்றுங்கள். அது மையைச் சட்டென்று உறிஞ்சிவிடும், பரப்ப நேரமே இருக்காது. 250 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத, வழவழப்பான ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாத அட்டை வாங்குங்கள். பிரஷ்ஷில் மை எடுத்ததும் வேண்டாத தாளில் நன்றாகத் தட்டிவிட்டு, ஸ்டென்சிலின் ஓரத்திலிருந்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே உள்ளே வாருங்கள், அழுத்தவே வேண்டாம். கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிக மைதான். மஞ்சள் முதலில், சிவப்பு கடைசியில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிரஷ்.

நீலாக்கா:
ஸ்டென்சிலை மாஸ்கிங் டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள்மா, நகராது. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த முறை ஒன்று: பானை, கரும்பு ஸ்டாம்பை எம்பாஸிங் மையில் (சீக்கிரம் காயாமல் பிசுபிசுப்பாக இருக்கும் மை) முதலில் குத்தி, சூட்டில் உருகி மேடாகப் படியும் வெள்ளை எம்பாஸிங் பொடி தூவி, ஹீட் கன்னால் (கடும் சூட்டுக் காற்று வீசும் கருவி) உருக்கிவிடுங்கள். அதன் மேல் தேய்த்த நிறத்தைத் துணியால் துடைத்தால் படம் வெள்ளையாகவே நிற்கும், அவ்வளவு அழகு!

காகிதப்பூ:
ஹீட் கன் இல்லை அக்கா, ஹேர் டிரையர் போதுமா?

நீலாக்கா:
போதாது. அந்தச் சூட்டில் பொடி உருகாது, காற்றில் பறந்தும் போய்விடும்.