சென்சார் மாற்றியும் பி0122 என்ற பழுதுக் கோடு (code) போகவில்லை, ஈ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றத்தான் வேண்டுமா?

குளச்சல்காரன்:
2011 மாடல் பெட்ரோல் கார், ஆக்சிலரேட்டர் கேபிள் வகை, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தொல்லை. மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியரில் வெட்டி வெட்டி இழுக்கிறது. நிறுத்தத்தில் சிலசமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. புளூடூத் ஸ்கேனரில் பி0122. மெக்கானிக் புது த்ராட்டில் பொசிஷன் சென்சார் (காற்று வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈ.சி.எம்.முக்குச் சொல்வது) போட்டார். இரண்டு நாள் சும்மா இருந்தது, பிறகு அதே கோடு. இப்போது ஈ.சி.எம். போய்விட்டது என்கிறார். அதற்குச் சொல்லும் தொகைக்குப் பழைய பைக்கே வாங்கலாம்.

நாஞ்சில்வண்டி:
த்ராட்டில் பாடியில் (அந்தக் காற்று வால்வு இருக்கும் பாகம்) கிளீனர் அடித்துப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

மீட்டர் அண்ணன் (மார்த்தாண்டம்):
கரி பிடித்தால் ஐடிலிங் ஆடும், அது வேறு. பி0122 என்றால் சிக்னல் வோல்டேஜ் அளவுக்குக் கீழே போகிறது என்றுதான் அர்த்தம். சென்சார் கெட்டது என்று அந்தக் கோடு எங்கே சொன்னது? வயர் அறுந்தாலும் அதேதான் வரும்.

தம்பி, மல்டிமீட்டர் இருக்கிறதா? சாவி ஆன், எஞ்சின் ஓடக்கூடாது. சென்சாரில் மாட்டியிருக்கும் கப்ளரைக் (வயர் இணைப்பான்) கழற்றினால் மூன்று வயர். ஒன்றில் 5 வோல்ட் வரவேண்டும், ஒன்று எர்த், மிச்சம் சிக்னல். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காதே, ஈ.சி.எம்.முக்கு நல்லதல்ல. பிறகு கப்ளரை மாட்டி, பின்பக்கமாக ஊசி விட்டு சிக்னலைப் பார். ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தால் 0.5 வோல்ட் பக்கத்திலிருந்து 4-க்கு மேல், குதிக்காமல் ஏறவேண்டும்.

குளச்சல்காரன்:
பார்த்தேன் அண்ணே. 4.98 வருகிறது. எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.02. சிக்னல் 0.6-லிருந்து 4.2 வரை வழுவழுவென்று ஏறுகிறது. ஸ்கேனரிலும் த்ராட்டில் மிதிக்காதபோது 12 சதவீதம், முழுக்க மிதித்தால் 84. எல்லாம் சரியாக இருக்கிறதே?

மீட்டர் அண்ணன்:
நிற்கிற வண்டியில் சரிதான். மீட்டர் ஊசி சிக்னலில் அப்படியே இருக்கட்டும், ஸ்கேனர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு ஆளை உட்காரவைத்து நீ வயரிங்கை முழம் முழமாக அசைத்துக்கொண்டு போ. மீட்டர் 0.6-இல் நிற்கும்போதே ஸ்கேனர் பூஜ்யத்துக்கு விழுந்தால், சென்சாருக்கும் ஈ.சி.எம்.முக்கும் நடுவில் வயர் விடுகிறது. மல்டிமீட்டரின் பஸ்ஸர் (வயர் தொடர்பு இருந்தால் கத்துவது) வைத்துப் பார்த்து ஏமாறாதே. ஒரே ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கத்தும்.

நாஞ்சில்வண்டி:
முன்பு அந்த வண்டியில் கேஸ் கிட் (பெட்ரோலுக்குப் பதில் கேஸில் ஓட்டும் அமைப்பு) இருந்ததா? அதற்கு த்ராட்டில் சிக்னல் எடுக்க இந்த வயரில்தான் கை வைப்பார்கள்.

குளச்சல்காரன்:
நாஞ்சில் அண்ணே, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும்! பேட்டரி ட்ரேக்குப் பின்னால் தொட்டதும் 12 சதவீதம் பூஜ்யமானது, மீட்டர் அசையவில்லை. அங்கே கறுப்பு டேப் சுற்றி, பிசுபிசுவென்று ஒழுகிக் கிடந்தது. பிரித்தால் உள்ளே வெறுமனே முறுக்கிவிட்ட ஜாயின்ட், கிட்டைக் கழற்றியபோது வெட்டிவிட்டுப்போன வயர் வால் ஒன்று. செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தடவினால் பொடியாக உதிர்கிறது, நாலைந்து பிசிறுதான் மிச்சம்.

மீட்டர் அண்ணன்:
இடவப்பாதி (ஜூன் மாத மழை) ஒன்று, ஐப்பசி மழை ஒன்று, நடுவில் உங்கள் ஊர் உப்புக்காற்று. டேப் எத்தனை நாள் தாங்கும்? பச்சை போன இடம் வரை வெட்டித் தள்ளு. செம்பு பளபளப்பாகத் தெரிகிற இடத்திலிருந்து புது வயர் கொடுத்து சால்டர் வை. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஆடாமல் டை கட்டு. அப்புறம் ஸ்கேனரில் அந்தப் பி0122-வை அழி.

குளச்சல்காரன்:
செய்தாயிற்று. நேற்று கொட்டுகிற மழையில் களியக்காவிளை வரை போய் வந்தேன். எஞ்சின் எச்சரிக்கை லைட் வரவில்லை, பாலத்திலும் வெட்டவில்லை.

மீட்டர் அண்ணன்:
பழைய சென்சாரைத் தூக்கிப்போட்டுவிட்டாயா?

குளச்சல்காரன்:
இல்லை, டேஷ்போர்டில் கிடக்கிறது.

மீட்டர் அண்ணன்:
ஒருமுறை மாட்டி வோல்டேஜ் பார். அது நல்லதாகத்தான் இருக்கும், துணியில் சுற்றி ஸ்டெப்னி பக்கம் வைத்துக்கொள்.