பழைய டப்பாக்களில் நாற்று விட எது சரிப்படும்?

மொட்டைமாடி:
தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, முட்டை அட்டை, தண்ணீர் பாட்டில் என்று வீட்டில் நிறைய சேர்ந்து கிடக்கிறது. குழித்தட்டு வாங்காமல் இவற்றிலேயே தக்காளி, மிளகாய், கத்தரி, கொஞ்சம் வெள்ளரி போடலாம் என்றிருக்கிறேன். எதை எதில் போடுவது? இன்னொன்று, போன முறை தயிர் டப்பாவில் நன்றாகத்தான் முளைத்தது, ஆனால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி மெலிந்து நாற்று ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டது. டப்பாதான் காரணமா?

வேர்முடிச்சு:
அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி பூஞ்சை, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களால் வருவது, ஈரம் தேங்கினால் போதும், கிளம்பிவிடும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. டப்பாவைக் குறை சொல்வதைவிட ஓட்டையைப் பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டை போட்டால் ஓரத்தில் தண்ணீர் நிற்கும், அதனால் அடிப்பகுதியின் விளிம்பை ஒட்டி நாலைந்து ஓட்டை போடுங்கள், ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவு இருந்தால் மண் லேசில் அடைக்காது. போன முறை பயன்படுத்திய டப்பாவை சோப்பு போட்டுக் கழுவியபின், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசிவிடுங்கள். பழைய மண்ணை மறுபடி போடாதீர்கள். சலித்த தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் நாற்றுக்குப் போதும், தோட்டத்து மண் இந்தச் சின்ன டப்பாவுக்குள் இறுகிவிடும்.

பச்சைவிரல்:
தண்ணீர் விடும் முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலிருந்து ஊற்றாமல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து டப்பாவை அதில் நிறுத்தினால் கீழிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் ஈரமானதும் எடுத்துவிட வேண்டும், தட்டிலேயே விட்டுவிட்டால் பழைய கதைதான். அப்புறம், அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள், அது சரியில்லை. கல்லுக்கு மேலே இருக்கிற மண்ணில்தான் ஈரம் தங்கி நிற்கும், வேருக்கு இருக்கிற ஆழமும் குறைந்துபோகும்.

முட்டை அட்டையை நான் முளைக்க வைக்க மட்டும்தான் எடுப்பேன். குழி ரொம்பச் சின்னது, காலையில் நனைத்தால் மதியமே காய்ந்துவிடுகிறது. முளைத்ததும் முதலில் தெரியும் விதையிலைக்கு அடுத்து வரும் முதல் உண்மை இலை விரிந்ததும் பெரிய டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், விதையிலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் தயிர் டப்பாவின் ஆழம் நன்றாக ஒத்துவரும்.

வேர்முடிச்சு:
கூழாங்கல் விஷயம் ரொம்பச் சரி.

வெள்ளரிக்கு வேரை அசைத்தால் பிடிக்காது, அதற்குக் காகிதக் குழல்தான். செய்தித்தாளை ஒரு டம்ளரில் சுற்றி அடியை மடித்துவிட்டால் தொட்டி தயார், அப்படியே மண்ணில் வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நடும்போது காகிதத்தின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது திரி மாதிரி ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டுவிடும், உள்ளே வேர் காயும். விளிம்பைக் கிழித்துவிட்டு முழுவதும் புதையுங்கள்.

மொட்டைமாடி:
ரொம்ப நன்றி, ஓட்டை இனிமேல் ஓரத்தில்தான். தண்ணீர் பாட்டிலை என்ன செய்வது? பெயிண்ட் டப்பாவும் இரண்டு இருக்கிறது.

பச்சைவிரல்:
பெயிண்ட், பூச்சிமருந்து, கழிவறை கழுவும் திரவம் இருந்த டப்பா எதுவும் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம், சாப்பிடப்போகும் செடி இது. பாட்டிலைக் குறுக்கே வெட்டுங்கள். கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, வெளிப்பக்கம் பழைய காகிதம் சுற்றிவிடுங்கள், கண்ணாடி மாதிரி இருந்தால் வெளிச்சம் பட்டு உள்ளே பாசி பிடிக்கும். மேல்பாதியை மூடியாகக் கவிழ்த்தால் ஈரம் போகாமல் விதை சீக்கிரம் முளைக்கும், மிளகாய்க்கு இது நல்ல உதவி, அதற்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆனால் மூடியோடு நேர் வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும். முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிட்டு நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள்.