கடுமையான இரத்த அழுத்தத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று மருந்துகள் ஏன்?

வினா:
என் தந்தைக்கு இரத்த அழுத்தம் 190/110 என்ற அளவில் இருந்ததால் டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் ஆகிய மூன்றையும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றும் ஒரே நோய்க்குத்தான் என்றால் ஒன்றின் அளவை மட்டும் கூட்டினால் போதாதா என்று அப்பா கேட்கிறார். தாமாகவே ஒன்றை நிறுத்திவிடுவாரோ என அஞ்சுகிறேன். அவருக்குப் புரியும்படி யாரேனும் விளக்க இயலுமா?

மறுமொழி 1:
நோய் ஒன்றுதான் என்றாலும் மூன்று மருந்துகளின் வேலையும் ஒன்றல்ல. அம்லோடிபின் இரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குளோர்தாலிடோன் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. அவ்வாறு உப்பு குறையும்போது, அழுத்தத்தை மீண்டும் உயர்த்துவதற்காக உடல் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளை மிகுதியாக உண்டாக்கும், அதன் செயலைத்தான் டெல்மிசார்டன் தடுக்கிறது. 42 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான பகுப்பாய்வு, ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கிறது எனக் காட்டியது. அளவைக் கூட்டினால் பக்கவிளைவும் கூடும்: அம்லோடிபின் 10 மில்லிகிராமில் கணுக்கால் வீக்கம் அதிகம் வரும், டெல்மிசார்டன் உடனிருந்தால் அந்த வீக்கமே குறையும். தந்தையார் எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். மூன்றும் ஒரே மாத்திரையாகவும் கிடைக்கின்றன; மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாச் சேர்க்கையும் நன்மை தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டெல்மிசார்டனையும், அதைப் போலவே ஆஞ்சியோடென்சின் வழியில் குறுக்கிடும் ராமிப்ரில் என்ற அழுத்த மருந்தையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்த ஆன்டார்கெட் ஆய்வில் (2008) கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தலைச்சுற்றலும் சிறுநீரகப் பாதிப்பும்தான் மிகுந்தன. பழைய சீட்டில் ராமிப்ரில் இருந்து, மாத்திரை வீட்டில் மீதமிருந்தால் இவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் ஆபத்தானதே: அது அழுத்தத்தை ஏற்றும், இம்மருந்துகளுடன் சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

வினா எழுப்பியவர்:
மிக்க நன்றி. மூன்றுக்கும் அழுத்தம் அடங்காவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்?

மறுமொழி 1:
மாத்திரைகள் தவறாமல் உட்கொள்ளப்படுகின்றனவா, அளவீடு சரியா என்று முதலில் பார்ப்பார்கள். அதன் பிறகும் அடங்காவிட்டால் நான்காவதாகப் பெரும்பாலும் ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கப்படும்; பிசோப்ரோலால், டாக்சசோசின் ஆகிய வேறு அழுத்த மருந்துகளைவிட அது நன்றாக வேலை செய்வதை பிரிட்டனில் நடந்த பாத்வே-2 ஆய்வு 2015இல் காட்டியது. டெல்மிசார்டனுடன் சேரும்போது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால், அதைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பரிசோதனைகளைச் செய்தே ஆக வேண்டும்.